இன்னும் ஒரு படம்

ஆடாதே என்று சொன்னால்தான் ஆடத் தோன்றுகிறது. காலையிலிருந்து சும்மா கிடந்த இடது கால் பெருவிரல், "பாய், ஆடாம மட்டும் படுத்துக்கிடுங்க, மத்தத மெஷின் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற பையன் இசக்கிராஜா கதவைச் சாத்தியதும், என்னைச் சொறி, என்னைச் சொறி என்கிறது. எங்கே சொறிய? முழங்காலைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டு, கூண்டுக்கும் காலுக்கும் நடுவில் பஞ்சு மெத்தை, அதற்கு மேல் ஒரு பட்டை. லாரியில் ஏற்றும் சரக்கைக்கூட நாங்கள் இப்படிக் கட்டமாட்டோம். கடையில் எல்லாரும் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். மையத்தை, அதாவது செத்த உடம்பை, தூக்கிப்போகிற சந்தூக்குப் பெட்டிக்குள் வைத்து மூடின மாதிரி இருக்குமாம், மூச்சு முட்டுமாம், யாரோ ஒருத்தர் பாதியில் எழுந்து ஓடியே போய்விட்டாராம். அப்படி ஒன்றும் இல்லை. முட்டுக்குப் படம் எடுக்க வந்தவனுக்குக் கால்தான் உள்ளே போகிறது, இடுப்பு வரைக்கும். தலை வெளியே இருக்கிறது. சந்தூக்கிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி போகிற மையத்தை யாராவது பார்த்திருக்கிறார்களா? இதைக் கடையில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்கிற நிலைமையில் போனால் சொல்ல வேண்டும். மேலே கூரையில் ஒரு அருவிப் படம் ஒட்டியிருக்கிறார்கள், படுத்துக் கிடப்பவனுக்கு மனசு லேசாகட்டும் என்று. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஒண்ணுக்கு வருகிறது. வலது கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருக்கிறான். "மூச்சு முட்டுனாலோ பயமா இருந்தாலோ இத ஒரு அமுக்கு அமுக்குங்க, பெல் அடிக்கும், நான் ஓடி வந்திருவேன்." பயமாக இருந்தால் அமுக்க வேண்டும் என்றால், எலும்பு டாக்டர் ஊசி குத்திய நாளிலிருந்தே நான் இதை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சத்தம் ஆரம்பித்துவிட்டது. காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் காதுமூடி, அதையும் தாண்டி டக்டக்டக்டக் என்று பக்கத்து வீட்டில் சுவர் உடைக்கிறார்கள். நல்லது, உடைக்கட்டும். சத்தம் இருந்தால் யோசிக்க வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் யோசனை சத்தத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இசக்கிராஜா போட்டிருக்கும் செருப்பு அவனுக்கு ஒரு சைஸ் பெரிது. நடக்கும்போது விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், யாரோ கழித்துக் கொடுத்ததாக இருக்கும். எனக்கு முகம் அப்புறம்தான், கால்தான் முதலில் கண்ணில் படும். செருப்புக்கடையில் எத்தனையோ வருஷமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்று பேச்சுக்குச் சொல்கிறேன், உண்மையில் முட்டி போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள், நான் இடது முட்டியைத் தரையில் ஊன்றி, வலது தொடையில் அவர்கள் பாதத்தை வாங்கிவைத்து மாட்டிவிடுவேன். கலெக்டர் ஆபீஸ்காரர் கால், கல்யாணப் பெண் கால், களிமண் காயாத கால் எல்லாம் இந்தத் தொடைக்கு வந்து போயிருக்கின்றன. அதனால் இடது முட்டு வீங்கத் தொடங்கியபோது நான் ஆச்சரியப்படவே இல்லை. தொழில் வீக்கம் என்று நானே பெயர் வைத்தேன். வீங்கும், வடியும், திரும்ப வீங்கும். என் வீட்டுக்காரி பாத்திமா கோழிக்குப் போடுகிற மஞ்சளையெல்லாம் என் முட்டில் பூசினாள். ஒருநாள் ஒருத்தருக்குப் பாட்டா செருப்பை மாட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறேன், முட்டு மடங்கியபடியே நின்றுகொண்டது. பூட்டிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் எலும்பு டாக்டர். அவர் கலகலப்பான மனிதர், ஊசி குத்திக்கொண்டே தன் மகனுக்கு வாங்கின பள்ளிக்கூட ஷூவின் அடி பிய்ந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உறிஞ்சின நீர் ஊசிக்குழாயில் ஏறியது. நன்னாரி சர்பத் நிறம். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் ஷூ கதையை அப்படியே விட்டுவிட்டார். அந்த அடி பிய்ந்த ஷூவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "உள்ள கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க" என்றார். "கட்டின்னா டாக்டர்?" என்று கேட்டேன். "அதுல எத்தனையோ வகை இருக்கு. படத்தப் பாத்துட்டுப் பேசுவோம்." பக்கத்தில் பாத்திமா நின்றிருந்தாள். அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். திரும்பி வருகிற வழியெல்லாம் வெண்டைக்காய் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

எத்தனையோ வகை. எத்தனையோ வகை என்றால் நல்ல வகையும் உண்டு என்றுதானே அர்த்தம். நல்ல வகை என்றால் அதை முதலில் சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியாமல் சொல்லக் கூடாது என்று இருந்திருப்பார். தெரியாதவர் ஏன் முகத்தைச் சுருக்கினார்? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை முள்வேலியில் மாட்டின கைலி மாதிரி நின்றுவிடும், முன்னாலும் போகாது பின்னாலும் வராது. ஒரு கட்டி என்பது எங்கே வேண்டுமானாலும் வரலாம். என் பெரியம்மா மகனுக்கு முதுகில் எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று இருக்கிறது, அதோடு மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார். ஆனால் அது வெளியே இருக்கிற கட்டி, கையால் தொட்டுப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். முட்டுக்குள் இருப்பதை யார் பார்த்தது? எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில், நானே போக முடியாத இடத்தில், என்னைக் கேட்காமல் ஒன்று குடிவந்திருக்கிறது. அதற்கு என்ன பெயர், என்ன குணம், எத்தனை நாள் தங்கும் உத்தேசம், ஒன்றும் தெரியாது. இப்போது இந்த மெஷின்தான் கதவைத் தட்டி விசாரித்துக்கொண்டிருக்கிறது. டக்டக்டக்டக். சத்தம் நின்று, வேறு மாதிரி ஊஊ என்று தொடங்குகிறது. அருவியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

முட்டு பூட்டிக்கொண்ட பிறகு பள்ளிவாசலில் நாற்காலி வரிசைக்குப் போய்விட்டேன். தரையில் உட்கார முடியாதவர்கள் தொழுவதற்காக ஓரமாகப் போட்டிருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் முதல்முதலாகப் போய் ஒன்றை இழுத்துப் போட்டபோது கனி ஹாஜியார், மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகனைப் பார்க்கிற சந்தோஷத்தோடு என்னைப் பார்த்தார். "வா மாப்ள, வா. எந்த முட்டு?" என்றார். இடது என்றேன். "எனக்கு ரெண்டும்" என்றார் பெருமையாக. தொழுகை முடிந்ததும் அந்த வரிசையே எனக்கு வைத்தியம் பார்த்தது. ஒருவர் பிரண்டைத் துவையல் என்றார். ஒருவர் அட்டைப்பூச்சி விடச் சொன்னார். ஒருவர் எனக்கு வாயுதான் என்று அடித்துச் சொல்லி, அந்த வாயுவை வரவழைத்த கிழங்கின் பெயரையும் சொன்னார். எல்லாரும் என் வாப்பா வயசுக்காரர்கள். கேலியும் சிரிப்புமாகத்தான் இருந்தது. ஆனால் இமாம் தக்பீர் சொல்லி, முன்னால் இருக்கிற வரிசைகள் எல்லாம் ஒன்றாகக் குனிந்து, ஒன்றாகச் சுஜூதுக்குப் போய் நெற்றியைத் தரையில் வைக்கும்போது, நாங்கள் நாலைந்து பேர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி கொஞ்சம் முன்னால் சாய்வோம். எனக்கு முன்னால் முதுகுகளாகத் தெரியும். எல்லாரும் தரைக்குப் போய்விட்ட அந்தக் கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியும் நாங்களும்தான் மிச்சம் இருப்போம். அது கூடும், மார்க்கம் அனுமதித்ததுதான், அல்லாஹ் முழங்காலைப் பார்க்கிறவன் இல்லை. தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வேளையும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். நெற்றியில் பாய் படுகிற அந்தச் சொரசொரப்பு வேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கினேன். யாரிடம் சொல்ல முடியும் இதை?

இங்கே படுத்துக்கொண்டு அதை நினைத்ததும் ஒரு யோசனை வந்தது. இந்தச் சத்தம் எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டிருப்பதற்குப் பதில், மனசுக்குள் ரெண்டு ரக்அத் தொழுது பார்க்கலாமே. நிஜத் தொழுகை இல்லை, தொழ வேண்டிய திசை, கிப்லா, எந்தப் பக்கம் என்றுகூட இந்த அறையில் தெரியாது. சும்மா ஒரு நடை நடந்து வருகிற மாதிரி. நின்றேன். மனசுக்குள்தான் நின்றேன், பச்சைக் கம்பளத்தில், ரெண்டாவது வரிசையில், நாற்காலிக்குப் போவதற்கு முன்னால் வழக்கமாக நிற்கிற தூணுக்குப் பக்கத்தில். கையைக் கட்டினேன். ஓதினேன். மெஷின் அது பாட்டுக்கு ஊஊ என்றது. குனிந்தேன், நிமிர்ந்தேன், சுஜூதுக்குப் போனேன். முட்டு மடங்கியது. என்ன சுகமாக மடங்கியது, எண்ணெய் போட்ட கதவு மாதிரி. வலியே இல்லை. நெற்றி தரையில் பட்டது, கம்பளத்தில் யாரோ பூசியிருந்த அத்தர் வாசனைகூட வந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை, எத்தனை மாசத்துப் பாக்கி, கிடந்தேன் கிடந்தேன் அப்படியே கிடந்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. பிறகு எழுந்து அடுத்த ரக்அத். அதையும் முடித்துக் கடைசி இருப்பில் உட்கார்ந்தேன். இடது காலை அடியில் மடக்கி வலப்பக்கமாக நீட்டி, பிட்டத்தைத் தரையில் வைத்து, ரெண்டு கையும் தொடையில். அத்தஹிய்யாத்து ஓதிக்கொண்டே போய் இல்லல்லாஹ் என்கிற இடம் வந்தது. அந்த இடத்தில் வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்த வேண்டும், மற்ற விரல்கள் மடங்க வேண்டும். ஓதக் கற்றுக்கொண்ட வயசிலிருந்து பழகின விரல்கள். அவற்றுக்கு மனசுக்குள் தொழுவது, வெளியே தொழுவது என்கிற வித்தியாசம் எல்லாம் தெரியாது. ஆட்காட்டி விரல் எழுந்தது. மற்ற விரல்கள் மடங்கி, கையில் இருந்த ரப்பர் பந்தை நன்றாக ஒரு பிடி பிடித்துவிட்டன.

எங்கேயோ பெல் அடித்தது. மெஷின் நின்றது. கதவு திறந்து இசக்கிராஜா ஓடி வந்தான், ஒரு காலில் செருப்பு இல்லை, பெரிய சைஸ் போட்டால் ஓடும்போது கழலத்தான் செய்யும். "என்ன பாய், என்ன செய்யுது? மூச்சு முட்டுதா? நெஞ்சு படபடன்னு வருதா?" நான் என்ன சொல்வேன்? தொழுதுகொண்டிருந்தேன் தம்பி, அத்தஹிய்யாத்தில் விரல் தூக்கும்போது அமுங்கிவிட்டது என்றா? "இல்லப்பா, தெரியாம அமுங்கிருச்சு" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பயந்துபோய்ப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான், பார்வையிலேயே தெரிந்தது. "பயப்படாதிய பாய். கால் வேற அசைஞ்சிருக்கு, கடைசியா எடுத்தது கலங்கிப் போச்சு. அத மட்டும் திரும்ப எடுத்திருவோம்" என்றான். காலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது போல. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவன் பின்னாலேயே ஒரு அம்மா வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை, டாக்டர் கோமதி என்று தமிழிலேயே எழுதியிருந்தது. தட்டையான கறுப்புச் செருப்பு, குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, நாளெல்லாம் ஒரு காலில் சாய்ந்து நிற்கிறவர். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கூண்டுக்கு மேல் விளிம்பில் விரலை விட்டு முழங்காலை அமுக்கிப் பார்த்தார். "ஊசி போட்டு நீர் எடுத்தாங்களா?" ஆமாம் என்றேன். "என்ன நிறத்துல வந்துச்சு?" நன்னாரி சர்பத் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "அடி கிடி பட்டுச்சா, கீழ விழுந்தீங்களா?" இல்லை என்றேன். ம் என்றார். எனக்குத் தெரிந்த டாக்டர்களில் ம் என்று சொல்கிறவர்களைத்தான் நான் நம்புவதில்லை. பிறகு இசக்கிராஜாவிடம் திரும்பி, "இன்னும் ஒரு படம் எடுத்துப் பாத்திருவோம் இசக்கி. நான் சொல்ற மாதிரி எடு" என்றார். ரெண்டு பேரும் போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

இன்னும் ஒரு படம். கலங்கினதைத் திரும்ப எடுப்பது வேறு, அது என் விரல் செய்த வேலை. அதற்கும் மேலே இன்னும் ஒரு படம் எதற்கு? எதையோ பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லாத இடத்தை யாராவது ரெண்டாம் தடவை பார்ப்பார்களா? செருப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறவன் கீறல் தெரிந்தால்தான் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிறான். ஊஊ நின்று இப்போது மெஷின் கீச்கீச் என்று புதுசாக ஒரு சத்தம் போடுகிறது. இந்தச் சத்தம் முன்னால் வரவில்லை. இது கெட்ட கட்டிக்கு என்றே வைத்திருக்கிற சத்தமாக இருக்கும். நெற்றியில் வியர்க்கிறது, துடைக்க முடியாது. நான் நினைக்கக் கூடாது என்று எத்தனையோ நாளாகத் தள்ளி வைத்திருந்த ஆள் இப்போது வந்து நிற்கிறார். கடைக்கு வந்தவர், கட்டையை அக்குளில் ஊன்றிக்கொண்டு வந்தவர், இடது கால் தொடைக்குக் கீழே இல்லை. வலது காலுக்கு மட்டும் ஒரு செருப்பு கிடைக்குமா என்று கேட்டார். ஜோடியைப் பிரிக்க முடியாது என்று முதலாளி சொன்னார். அதுவும் நியாயம்தான், ஒற்றையை யார் வாங்குவார்கள். அவர் கோபப்படவில்லை. ஜோடியாகவே வாங்கி, வலதை மட்டும் மாட்டிக்கொண்டு, இடதை என் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சிக்கிடுங்க. வீட்டுல கெடந்தா பாக்குறப்பல்லாம் நெனப்பு வரும்" என்றார். எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், முட்டுல ஒரு கட்டி வந்துச்சு, அவ்வளவுதான் என்று. அந்த இடது செருப்பு ரொம்ப நாள் கடைசித் தட்டில் கிடந்தது. எட்டாம் நம்பர். என் சைஸ். என் காலை எடுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். மனுஷ உடம்பில் எது போனாலும் அதை மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் குழி தோண்டி அடக்குவார்கள். எனக்கு முன்னாலேயே என் கால் போய் அங்கே எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கும். யார் யார் வருவார்கள்? கனி ஹாஜியார் வருவார், நாற்காலியோடு வருவார். மையத்துக்கு வைக்கிற ஜனாஸாத் தொழுகை காலுக்கும் உண்டா இல்லையா என்று அங்கேயே நின்று ஒரு வாக்குவாதம் நடத்துவார்கள், நான் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி முடிவு தெரியக் காத்திருப்பேன். சிரிப்பு வருகிறது. சிரித்தால் கால் ஆடும். கால் ஆடினால் இன்னும் ஒரு படம். கால் போனாலும் போகட்டும், ஆள் இருக்க வேண்டும். ஆளும் போய்விட்டால் பாத்திமா என்ன செய்வாள், மகள் படிப்பு முடியவில்லை. யா அல்லாஹ், கால் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. இல்லை, கேட்கிறேன், காலும் வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, கையில் பந்து இருக்கிறது, அமுக்கவில்லை.

வெளியே வந்தபோது பாத்திமா நடைபாதையில் நின்றிருந்தாள். உட்காரவில்லை. என் கைக்கடிகாரம், சாவி, இடுப்பு வார், மோதிரம் எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "ஒண்ணும் இல்லையே?" என்றாள். "பாத்துட்டுச் சொல்லுவாவ" என்றேன். எதிரே சுவரில் எலும்புக்கூடு படம் ஒன்று மாட்டியிருந்தார்கள், அதன் முழங்காலைப் பார்க்காமல் இருக்க நான் எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் டாக்டர் கோமதி எங்களை உள்ளே கூப்பிட்டார். அவர் மேஜையில் பெரிய திரை, திரையில் சாம்பலும் வெள்ளையுமாக ஏதோ. என் முட்டு என்றார். நான் அதை வழியில் பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். எலும்பு இது, ஜவ்வு இது என்று பேனாவால் காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த இடத்தில் அந்த வார்த்தை வரும் என்று. பாத்திமாதான் குறுக்கே புகுந்தாள். இத்தனை நாள் எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்காத வார்த்தையை, பால் இருக்கா என்று கடையில் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "கேன்சரா டாக்டர்?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இல்லம்மா. எனக்கு அப்படித் தெரியல" என்றார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். முட்டுக்குள் மெல்லிசாக ஒரு உள்சவ்வு உண்டாம், அது தடித்துக் கொத்துக்கொத்தாக வளர்ந்திருக்கிறதாம். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து, பழைய ரத்தத்தில் இருக்கிற இரும்புச்சத்து உள்ளேயே தங்கிவிடுமாம். "அதனாலதான் உங்க நீர் அந்த நிறத்துல வந்துச்சு. நீங்க சர்பத்துன்னு சொன்னதும் எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. இரும்பு இருந்தா ஒரு வகைப் படத்துல மட்டும் இப்படிக் கன்னங்கரேல்னு காட்டும். அதுக்குத்தான் இன்னும் ஒண்ணு எடுக்கச் சொன்னேன்." திரையில் என் முட்டுக்குள் மை கொட்டினது போல ஒரு கறுப்பு. "கறுப்பா இருக்கே டாக்டர்" என்றேன். "கறுப்பா இருக்குறதுதான் உங்களுக்கு நல்லது. கெட்ட கட்டி பெரும்பாலும் இப்படிக் காட்டாது. எலும்பையும் அரிக்கல. ஆபரேஷன் பண்ணி எடுத்து, எதுக்கும் டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க, அதுல வந்தாத்தான் முடிவு. திரும்ப வளர்ற குணம் உண்டு, அதனால அப்பப்ப வந்து காட்டணும். ஆனா நீங்க பயந்துட்டு இருக்குற விஷயம் இது இல்ல." உடம்பில் இருந்த இரும்பையெல்லாம் கழற்றி பாத்திமா மடியில் கட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன், உள்ளே ஒளித்து வைத்திருந்த இரும்புதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பாத்திமா, "இன்னொரு வாட்டி சொல்லுங்க டாக்டர்" என்றாள். அவர் இன்னொரு வாட்டி சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் முட்டி மடக்கி உட்கார முடியுமா என்று. "உடனே முடியாது. பயிற்சி செஞ்சா மெல்ல மெல்ல உட்காரலாம்" என்றார். அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டவராக, "ஆமா, நடுவுல எதுக்கு பெல் அடிச்சீங்க?" என்றார். இப்போது சொல்வதில் என்ன. சொன்னேன், விரலைத் தூக்கியும் காட்டினேன். டாக்டர் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கதவருகே நின்ற இசக்கிராஜா, "இப்படி ஒரு காரணத்த நான் கேட்டதே இல்ல பாய்" என்றான். பாத்திமா சிரிக்கவில்லை.

படியிறங்கும்போது ஆரம்பித்தாள். "பெல்லு அடிச்சது நீங்கதானா? நான் வெளிய உசுரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கேன், அந்தப் பையன் செருப்பு கழண்டு விழ ஓடுதான், பின்னாலயே டாக்டரம்மா போறாவ, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, என்ன ஏதுன்னு சொல்ல ஒரு நாதி இல்ல, நீங்க உள்ள விரலத் தூக்கிக்கிட்டுக் கெடக்கிய." நான் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். "ஆடாதன்னா ஆடக் கூடாது. பச்சப்புள்ளைக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?" கீழே வந்தும் விடவில்லை. முட்டு வீங்கின முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டும் என்றாள். தொழில் வீக்கமாம் தொழில் வீக்கம் என்றாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிற என் பழக்கத்துக்குப் போனாள், அங்கிருந்து போன வருஷம் நான் தொலைத்த குடைக்குப் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எலும்பு டாக்டரிடமிருந்து வந்த நாளிலிருந்து இவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஈரத் துண்டு கட்டிலில் கிடந்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்து உலர்த்தினாள். சீலா மீனின் நடுத்துண்டு தினமும் என் தட்டுக்கே வந்தது. என்ன சொன்னாலும் சரிங்க, ஆகட்டும்ங்க என்றாள், மையத்து வீட்டில் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினாள். ராத்திரி புரண்டு படுத்தால் விழித்துக்கொண்டு முட்டுக்கு அடியில் தலையணை வைத்தாள். அந்த அன்பைப் பார்த்துத்தான் நான் செத்துக்கொண்டிருந்திருக்கிறேன், மெஷினையும் ஊசியையும் பார்த்து இல்லை. வாசலில் பாத்திமாவே ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். மேலப்பாளையத்துக்கு இவ்வளவா என்று அவனை ஒரு மூச்சு திட்டிவிட்டு, என் காலைப் பிடித்து மெல்ல உள்ளே தூக்கி வைத்து, தானும் ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து குடையைத் தொடர்ந்தாள். கண்ணிலிருந்து நீர் பாட்டுக்கு வடிந்துகொண்டிருக்கிறது, அவள் அதைத் துடைக்கவும் இல்லை, திட்டுவதை நிறுத்தவும் இல்லை. அந்தக் குடையை நான் தொலைக்கவில்லை, அவள் தம்பிதான் எடுத்துப் போனான். சொல்லலாம். சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு வருகிறேன்.